எடை ஏத்தின ஊர், எடை இறக்குற ஊர்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

தாம்பரத்துல இருந்து பீச் போற லோக்கல் ரயில்ல ஏறினா, முதல்ல வர்ற ஸ்டேஷன் 'தாம்பரம் சானடோரியம்'. தினமும் அறிவிப்புல கேக்குற பேரு. பழகிப்போனதால யாரும் அதைப் பத்தி யோசிக்கறதில்லை.

சானடோரியம்னா, காசநோய் வந்தவங்களை மாசக்கணக்குல தங்க வெச்சு, நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு கொடுத்துத் தேத்தி எடுக்குற இடம். அங்க நோயாளி தேறி வர்றாரான்னு பார்க்க முக்கியமா உதவினது எடை பார்க்குற மெஷின். எடை ஏறினா நல்ல செய்தி. இறங்கினா கவலை.

இன்னைக்கு அதே தாம்பரத்துல, குரோம்பேட்டையில, சேலையூர்ல எந்த கிளினிக்குக்கும் 65 வயசு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டுப் போங்க. அதே மெஷின் இருக்கும். ஆனா டாக்டர் சொல்றது தலைகீழ்: "வெயிட்டைக் குறைங்க."

சரி, எப்படிக் குறைக்கறது? சாப்பாட்டைக் குறைச்சா போதுமா, நடந்தா போதுமா, ரெண்டும் வேணுமா? கேக்க சாதாரணமான கேள்விதான். ஆனா வயசானவங்க விஷயத்துல இதுக்கு ஒழுங்கான பதில் கிடைக்க 2011 வரைக்கும் ஆச்சு. அந்தப் பதில் வந்த வழிதான் இந்த எபிசோட். வழியில நம்ம ரயில் பாதையில இருக்குற ரெண்டு மூணு ஸ்டேஷனும் வரும்.

12 படுக்கையில ஆரம்பிச்சது

தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. அதுக்கு முன்னாடி அவர் இங்கிலாந்துல, சாமர்செட் பகுதியில மெண்டிப் மலைப் பக்கம் ஒரு சானடோரியம் நடத்தினார். கணித மேதை ராமானுஜன் 1917-ல் உடம்பு முடியாம போனப்போ சிகிச்சைக்குத் தங்கின இடங்கள்ல அதுவும் ஒண்ணு. அந்த அனுபவத்தோட ஊர் திரும்பி, அப்போ காடும் மேடுமா இருந்த தாம்பரத்துல 12 படுக்கையோட ஆரம்பிச்சார். 1931-ல் பீச் – தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது. 1937-ல் அரசு சானடோரியத்தை எடுத்துக்கிட்டது. இன்னைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அந்தக் காலத்து சானடோரியங்கள்ல ஒரு ஒழுங்கு இருந்தது. காசநோய்க்கு மருந்தே இல்லாத நாட்கள். அதனால சாப்பாடும் உடல் உழைப்பும்தான் மருந்து மாதிரி அளந்து கொடுக்கப்பட்டது. இங்கிலாந்துல ஃப்ரிம்லிங்கற ஊர்ல மார்கஸ் பேட்டர்சன்னு ஒரு மருத்துவர் 1905 வாக்குல இதை ஒரு முறையாவே ஆக்கினார். முதல்ல கொஞ்ச தூரம் நடை. அப்புறம் கூடையில மண் சுமக்கணும். அப்புறம் மண்வெட்டி. படிப்படியா பளு கூடும்.

சாப்பாடு, ஓய்வு, காத்து, உழைப்பு எல்லாம் ஒரே கட்டாத் தர்றாங்க. நோயாளி தேறிட்டாருன்னு வெச்சுக்கோங்க. எதனால தேறினார்? யாராலயும் சொல்ல முடியாது. ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

சேத்துப்பட்டுல பிரிச்சுப் பார்த்தாங்க

அந்தப் பிரிச்சுப் பார்க்குற வேலையை உலகத்துக்கே செஞ்சு காட்டினது சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டுல காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு எல்லாம் சேர்ந்து செஞ்சது.

அவங்க கேட்ட கேள்வி நேரடியானது. இப்போ மருந்து வந்தாச்சு. இனியும் சானடோரியம் தேவையா? ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு குழு சானடோரியத்துல, நல்ல சாப்பாடு, ஓய்வோட. இன்னொரு குழு வீட்டுல, நெருக்கடியான குடியிருப்புல, கிடைச்ச சாப்பாட்டோட. ரெண்டு குழுவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்துல இருந்தவங்களுக்கு எடை அதிகமா ஏறியிருந்தது. ஆனா நோய் குணமானதுல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதாவது எடை மெஷின் ஒண்ணு சொல்லுது, உடம்பு வேற ஒண்ணு சொல்லுது. அந்த ஒரு ஆய்வு உலகம் பூரா சானடோரியங்களோட காலத்தை முடிச்சு வெச்ச காரணங்கள்ல ஒண்ணு. நம்ம கதைக்கு அதுல இருந்து ரெண்டு பாடம். ஒண்ணு, கட்டாத் தர்ற சிகிச்சையைப் பிரிச்சுப் பார்க்கணும். ரெண்டு, எடையை மட்டும் நம்பக் கூடாது.

வயசானவங்களை யாரும் கணக்குல எடுக்கல

இன்னும் சில ஸ்டேஷன் தள்ளி வரலாம். சைதாப்பேட்டையில இறங்கினா, பக்கத்துல நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920-ல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. ஆசியாவுலயே முதல் உடற்கல்விக் கல்லூரின்னு சொல்றாங்க. கபடி, தடகளம், டிரில் எல்லாத்துக்கும் வாத்தியார்களைத் தயார் பண்ண இடம். ஆனா அந்தத் தலைமுறைக்கு உடற்பயிற்சின்னா அது பள்ளிப் பசங்க விஷயம், போலீஸ், பட்டாள விஷயம். அறுபது தாண்டினவங்களுக்கு 'ஓய்வு'தான். வார்த்தையே பாருங்க: ஓய்வூதியம், ஓய்வு பெற்றவர்.

1953-ல் லண்டன்ல ஜெரி மோரிஸ்னு ஒரு மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ஞ்சார். நாள் பூரா உக்காந்தே ஓட்டுற டிரைவரை விட, படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்கிற கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் இருக்குற தொடர்பை எண்ணிக்கையில காட்டின ஆரம்ப ஆய்வுகள்ல ஒண்ணு இது. ஆனா அதுவும் வேலை செய்யற வயசுக்காரங்களைப் பத்தினதுதான்.

முதியோருக்குன்னு தனி மருத்துவம் வேணும்னு இந்தியாவுல முதல்ல செஞ்சு காட்டினதும் சென்னைதான். 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில முதியோருக்கான வெளிநோயாளிப் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில முதியோர் மருத்துவத்துக்குன்னு எம்.டி. படிப்பே வந்தது.

அதே காலகட்டத்துல அமெரிக்காவுல ஒரு ஆச்சரியம். 1990-ல் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல 90 வயசு சுமார் இருக்குற பத்து பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு வெயிட் பயிற்சி கொடுத்தார். 90 வயசுல வெயிட்டா! ஆனா கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடியது. வயசானா தசை போறது விதி, அதைத் திருப்ப முடியாதுங்கற நம்பிக்கை அங்க ஆட்டம் கண்டது.

1994-ல் அவங்க அடுத்த ஆய்வு, 100 பேரை வெச்சு. சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்குச் சத்து பானம் மட்டும், சிலருக்கு ரெண்டும், சிலருக்கு ரெண்டும் இல்லை. சேத்துப்பட்டு மாதிரியே பிரிச்சுப் பார்த்தாங்க. சத்து பானம் மட்டும் கொடுத்தா பலவீனம் குறையல. பயிற்சி செஞ்சவங்களுக்குத்தான் பலம் வந்தது.

இவங்க எல்லாம் மெலிஞ்சு தளர்ந்த முதியவர்கள். ஆனா பருமனா இருந்தும் தளர்ந்து போனவங்க? தொப்பை பெருசு, ஆனா நாற்காலியில இருந்து எழக் கையூன்றணும். இவங்களைப் பத்தி 2000-கள் வரைக்கும் டாக்டர்களுக்கே தயக்கம். வயசான காலத்துல எடையைக் குறைக்கச் சொன்னா கொழுப்போட தசையும் எலும்பும் சேர்ந்து கரையுமேங்கற பயம். பயம் நியாயமானதுதான்.

107 பேர், ஒரு வருஷம், நாலு குழு

அந்தப் பயத்தைச் சோதனைக்கு உட்படுத்தியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர்ல இருந்த டென்னிஸ் வில்லாரியல். ஆய்வு வெளியானது 2011, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ்ல. 65 வயசு தாண்டின, உடல் பருமன் உள்ள, ஓரளவு தளர்ச்சி இருக்குற 107 பேர். நாலு குழு: ஒண்ணும் மாத்தாதவங்க, உணவுக் கட்டுப்பாடு மட்டும், உடற்பயிற்சி மட்டும், ரெண்டும் சேர்ந்து.

உணவுக் கட்டுப்பாடுன்னா பட்டினி இல்லை. ஒரு நாளைக்குத் தேவையானதுல இருந்து 500 முதல் 750 கலோரி குறைவு. ஆனா உடல் எடையில கிலோவுக்குச் சுமார் 1 கிராம் புரதம் கட்டாயம். உடற்பயிற்சின்னா வெறும் வாக்கிங் இல்லை. வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் 90 நிமிஷம். அதுல நடை மாதிரி மூச்சு வாங்குற பயிற்சி, வெயிட் தூக்குறது, உடம்பை வளைக்கறது, தடுமாறாம நிக்கப் பழகறது நாலும் உண்டு.

எடை மெஷின் சொன்னதை முதல்ல பார்ப்போம். உணவு மட்டும் குறைச்சவங்க 10 சதவீதம் எடை இழந்தாங்க. ரெண்டும் செஞ்சவங்க 9 சதவீதம். பயிற்சி மட்டும் செஞ்சவங்களுக்கு எடை மாறவே இல்லை. இதோட நிறுத்தியிருந்தா 'சாப்பாட்டைக் குறைச்சா போதும், பயிற்சி வீண்'னு முடிவு பண்ணியிருப்போம்.

ஆனா அவங்க முக்கியமா அளந்தது எடையை இல்லை. நாற்காலியில இருந்து அஞ்சு தடவை எழுந்து உக்காருங்க. கோட்டைப் போட்டுக் கழட்டுங்க. கீழே கிடக்குற காசை எடுங்க. 50 அடி நடங்க. மாடிப்படி ஏறுங்க. இந்த மாதிரி ஒன்பது வேலைகளுக்கு மதிப்பெண். நம்ம ஊர்ல எழுதியிருந்தா, பஸ்ஸோட முதல் படியில கால் வைக்கறது, தாம்பரம் ஸ்டேஷன்ல நடைமேம்பாலம் ஏறறது, ஜி.எஸ்.டி. ரோட்டை சிக்னல் மாறறதுக்குள்ள கடக்கறதுன்னு இருந்திருக்கும்.

அந்த மதிப்பெண், உணவு மட்டும் குறைச்சவங்களுக்கு 12 சதவீதம் கூடியது. பயிற்சி மட்டும் செஞ்சவங்களுக்கு 15 சதவீதம். ரெண்டும் சேர்த்துச் செஞ்சவங்களுக்கு 21 சதவீதம். ஒண்ணும் மாத்தாதவங்களுக்கு 1 சதவீதம்.

அடுத்தது இன்னும் முக்கியம். உணவு மட்டும் குறைச்சவங்க சராசரியா 9.7 கிலோ இறங்கினாங்க. அதுல 3.2 கிலோ கொழுப்பே இல்லை, தசை மாதிரியான திசு. கரைஞ்சதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, கரையக் கூடாதது. பயிற்சியும் சேர்த்தவங்களுக்கு அந்த இழப்பு 1.8 கிலோ. இடுப்பு எலும்போட அடர்த்தி, உணவு மட்டும் குறைச்சவங்களுக்கு 3 சதவீதம் போச்சு. ரெண்டும் செஞ்சவங்களுக்கு 1 சதவீதம்தான்.

டாக்டர்களோட பழைய பயம் பாதி சரி. வயசானவங்க எடை குறைச்சா தசையும் எலும்பும் போகும், ஆனா பயிற்சி கூட இருந்தா பெரும்பகுதியைக் காப்பாத்தலாம். 2017-ல் அதே குழு 160 பேரை வெச்சு, எடை குறைக்கும்போது எந்தப் பயிற்சி நல்லதுன்னு பார்த்தாங்க. நடை மாதிரிப் பயிற்சி மட்டும் செஞ்சவங்களுக்கு 14 சதவீத முன்னேற்றம். வெயிட் பயிற்சி மட்டும், அதுவும் 14. ரெண்டும் சேர்த்தா 21.

நம்ம உடம்பு, நம்ம தட்டு

"அது அமெரிக்கக்காரங்க, நம்ம ஆளுங்க அவ்வளவு பெருசா இல்லையே"ன்னு நீங்க கேக்கலாம். சரியான கேள்வி. ஆனா பதில் நமக்குச் சாதகமா இல்லை.

2004-ல் லான்செட் இதழ்ல ஒரு பிரபலமான படம் வந்தது. புணேவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஆனா உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. கை கால் மெலிசு, வயிறு மட்டும் முன்னாடி. நம்ம தெருவுல பாதி மாமாக்கள் இப்படித்தான். அதனாலதான் இந்திய மருத்துவர்கள் 2009-ல் நமக்கு அளவுகோலையே இறக்கினாங்க: பி.எம்.ஐ. 25 தாண்டினாலே உடல் பருமன். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-க்குள்ள இருக்கணும்.

தசை சேமிப்பு முதல்லயே குறைவா இருக்குற உடம்புல, பட்டினி கிடந்து அதையும் செலவழிச்சா என்ன மிஞ்சும்?

தட்டைப் பாருங்க. சென்னையில 2001-ல் தொடங்கின ஒரு பெரிய ஆய்வுல, நகரவாசிகள் சாப்பிடுற கலோரியில ஏறத்தாழ பாதி தீட்டின தானியத்துல இருந்து வருதுன்னு தெரிஞ்சது. அதுல பெரும்பங்கு வெள்ளை அரிசி. அம்மா "நைட்டு சாதத்தை நிறுத்திட்டேன்"னு சொல்லி மூணு தோசை சாப்பிட்டா, அரிசி போகல, வடிவம்தான் மாறிச்சு. இல்லேன்னா ராத்திரி ரெண்டு வாழைப்பழம், அவ்வளவுதான். கலோரி குறையும், புரதமும் குறையும். 70 கிலோ இருக்குறவங்களுக்கு 70 கிராம் புரதம்னா, ஒரு முட்டையில 6 கிராம், ஒரு கப் சோத்துல 4 கிராம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. பருப்பு, சுண்டல், பயறு, தயிர், முட்டை, மீன் இதெல்லாம் தட்டுல ஓரமா இருந்தா கணக்கு தேறாது.

பார்க் கட்டின காலனி

சரி, பதில் தெரிஞ்சாச்சு. ஆனா 90 நிமிஷம், வாரம் மூணு நாள், எங்க போய் செய்யறது?

இதுக்கும் சென்னையில ஒரு கதை இருக்கு. 1990-களோட பிற்பகுதியில டாக்டர் வி. மோகனோட குழு நகரத்துல ரெண்டு குடியிருப்புகள்ல நீரிழிவு ஆய்வு செஞ்சது. ஒண்ணு ஏசியாட் காலனி, நடுத்தர வர்க்கம். இன்னொண்ணு பாரதி நகர், குறைந்த வருமானக்காரங்க. ஆய்வு முடிஞ்சதும் ஏசியாட் காலனிவாசிகளுக்கு உடற்பயிற்சி, சாப்பாடு பத்தி விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தினாங்க. அதைக் கேட்டுட்டு அந்த மக்களே காசு போட்டு நடக்குறதுக்கு ஒரு பூங்கா கட்டினாங்க. ஆரம்பத்துல வாரம் மூணு தடவைக்கு மேல உடற்பயிற்சி செஞ்சவங்க 14.2 சதவீதம். பிறகு பார்த்தப்போ 58.7.

பத்து வருஷம் கழிச்சு மறுபடி அளந்தாங்க. ஏசியாட் காலனியில நீரிழிவு 12.4-ல் இருந்து 15.4 சதவீதம் ஆனது. பாரதி நகர்ல 6.5-ல் இருந்து 15.3. பூங்கா மட்டுமே காரணம்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு இடத்துக்கும் வருமானம், சாப்பாடு, வேலை எல்லாமே வேற. ஆனா ஒண்ணு தெளிவு. நடக்க இடமும், கூட நடக்க ஆளும் இருந்தா நடப்பாங்க. காசு போட்டுப் பூங்கா கட்ட முடியாத தெருவுக்கு அதை யார் கட்டித் தருவாங்கங்கறதுதான் மிச்சக் கேள்வி.

தென்சென்னைப் புறநகர்ல இந்தக் கேள்வி இன்னும் சூடு. தாம்பரம் மாநகராட்சியானது 2021-ல். சிட்லபாக்கம் ஏரிக்கரை மாதிரி சில இடங்கள்ல நடைபாதை வந்திருக்கு. ஆனா அந்த ஏரிக்கரைக்குப் போற தெருவுல நடைபாதை இருக்கா? மழைக்காலத்துல 70 வயசுக்காரர் வீட்டை விட்டு இறங்க முடியுமா? அரசு 2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபி வர வழி இருக்கு. 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' வந்தது, மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. கிண்டியில 2024-ல் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நடையைப் பத்தி எல்லாரும் பேசறாங்க. தசைப் பயிற்சியைப் பத்திப் பேச்சு இன்னும் குறைவுதான்.

வீட்டுல என்ன மாத்தலாம்

இதைக் கேக்குற உங்கள்ல பல பேருக்கு இருபத்தஞ்சு முப்பது வயசு. ஜிம்முக்குப் போறீங்க, புரதம் எண்ணிச் சாப்பிடறீங்க. அந்த அறிவு வீட்டுலயே அதிகமா தேவைப்படுறது உங்களுக்கு இல்லை, உங்க அப்பா அம்மாவுக்கு.

அவங்க எடை குறைக்கணும்னு டாக்டர் சொன்னா, மூணு விஷயம் சேர்ந்து நடக்கணும். சோறு, டிபன் அளவு கொஞ்சம் குறையணும், ஆனா பருப்பும் முட்டையும் சுண்டலும் குறையக் கூடாது. நடையோட தசைப் பயிற்சியும் வேணும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியில இருந்து எழுந்து உக்காருறது, சுவத்துல கை வெச்சுத் தள்ளுறது, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலைத் தூக்கி இறக்குறதுன்னு ஆரம்பிக்கலாம். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்குறவங்க, இதய நோய், சிறுநீரகப் பிரச்சனை, மூட்டு வலி இருக்குறவங்க டாக்டர்கிட்டயும் பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் கேட்டுட்டுத்தான் தொடங்கணும். குறிப்பா சிறுநீரகம் பாதிச்சவங்க இஷ்டத்துக்குப் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அடுத்த தடவை "அஞ்சு கிலோ குறைஞ்சுட்டேன்"னு அம்மா சந்தோஷமா சொன்னா, நீங்களும் சந்தோஷப்படுங்க. கூடவே ஒண்ணு கேளுங்க: "கை ஊணாம எழுந்திரிக்க முடியுதாம்மா?" முடியுதுன்னா அந்த அஞ்சு கிலோ பெரும்பாலும் போக வேண்டியதுதான். முன்னாடி முடிஞ்சது இப்போ முடியலைன்னா, எடை மெஷின் காட்டுற நல்ல செய்தியை நம்பாதீங்க. சாப்பாட்டையும் பயிற்சியையும் திரும்பப் பாருங்க.

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க ஏரியாவுல பெரியவங்க சேர்ந்து உடற்பயிற்சி செய்யற பார்க்கோ, மொட்டை மாடியோ, கோயில் மண்டபமோ இருந்தா எங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.